பார்த்தேன்

தெருவில் அவருக்கு வைத்த பெயர் ஆறுதல். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்றும் இருக்கத்தான் செய்தது. அது வங்கிப் புத்தகத்தோடு சரி. இருபத்தாறு வருடமாக மண்டல ஓவியப் போட்டிக்குப் படம் அனுப்பி, ஒன்பது தடவை ஆறுதல் பரிசு வாங்கியவரை வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? மீதி பதினாறு தடவை அதுவும் இல்லை. இந்த வருடத்து முடிவு இன்னும் வரவில்லை.

"என்ன ஆறுதல், இந்தத் தடவையும் நமக்கு நாமே ஆறுதலா?" என்று தேநீர்க் கடையில் கேட்பார்கள். அவரும் சிரிப்பார். சிரிக்காமல் அழவா முடியும்? வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் அந்தச் சிரிப்பும் கழன்றுவிடும் என்பது மனைவிக்கு மட்டும் தெரிந்த விஷயம். ஒன்பது சான்றிதழ்களையும் சுருட்டி பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருப்பவள் அவள்தான். ஒன்றையாவது சுவரில் மாட்டலாம் என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தாள். அவர் கத்திய கத்தலில் பிறகு வாயைத் திறக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, அவர் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"போட்டிக் குழு செயலாளர் பேசறேன் சார். நின்னுட்டிருந்தா உக்காந்துக்குங்க. முதல் பரிசு உங்களுக்குத்தான். 'பார்த்தேன்'. நாலு நடுவரும் ஒரே பேச்சா சொல்லிட்டாங்க. பதினெட்டாம் தேதி கண்காட்சி திறக்கறோம், அன்னிக்கே விருது. சார், அந்தப் பேரு எப்படி சார் தோணுச்சு உங்களுக்கு? ஒரே வார்த்தை. சாட்சி சொல்ற மாதிரி."

"ரொம்ப நன்றிங்க," என்றார். கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லும்போது மறுமுனையில் போனை வைத்துவிட்டிருந்தார்கள்.

மனைவிக்கு விஷயத்தைச் சொன்னார். அவள் ஈரக் கையை முகத்தில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். அப்புறம் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அந்தத் தெருவில் பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்ன விஷயம் கோடி வீட்டுக்குப் போய்ச் சேர இரண்டு நிமிடம் போதும். இவருக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது. 'பார்த்தேன்' என்ற பெயரில் அவர் எந்தப் படமும் வரைந்ததில்லை.

அவர் அனுப்பியவை மூன்று. 'பாலம்', 'மழையில் பாலம்', 'பாலத்தின் கீழே'. மனிதர் பாலத்தை விட்டால் வேறொன்றும் வரையமாட்டார். அந்த வார்த்தை மட்டும் எங்கேயோ தட்டுப்பட்டது. எங்கே என்று நினைவு வந்ததும் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தார்.

புதன்கிழமை வகுப்பு என்று ஒன்றை ஏழு வருடமாக அவர் நடத்தி வந்தார். பழைய தீயணைப்பு நிலையத்தின் மாடியில் பதினாலு பேர். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், இரண்டு நர்ஸ்கள், ஒரு தையல்காரர், ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் துணி தேய்க்கும் ஒரு அம்மா, இப்படி. ஊர்ச் சுவர்களில் படம் வரைவதும் இந்தக் கூட்டம்தான். நகராட்சி அறையையும் வண்ணங்களையும் கொடுத்தது, கூடவே ஒரு நிபந்தனையையும் கொடுத்தது. ஒவ்வொரு படத்தையும் பொறுப்பாளர் பார்வையிட்டு, அதற்கு அடையாளமாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 'பார்வையிட்டேன்' என்று பதினாலு தடவை எழுதக் கை வலிக்காதா? அவர் அதை 'பார்த்தேன்' என்று சுருக்கிக்கொண்டார். படங்களைக் கவிழ்த்து அடுக்கிக் கொண்டுவந்து வைப்பார்கள். அவர் ஒவ்வொன்றின் முதுகிலும் எழுதுவார், கையெழுத்துப் போடுவார், அடுத்ததுக்குப் போவார். தபால் நிலையத்தில் முத்திரை குத்துவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

தன் சொந்தப் படத்திலும் அவர் முன்பக்கம் கையெழுத்துப் போடுவதில்லை. படத்துக்குள் நான் எதற்கு என்பார். அது அடக்கமா கர்வமா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. எதுவானாலும், இரண்டு வகைப் படத்துக்கும் முதுகில் ஒரே கையெழுத்து.

மச்சான் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தான். மனைவியின் தம்பி. அவளுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்த வாரத்தில், இவர் ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தபோது, வீட்டிலிருந்து படங்களை எடுத்துப்போய் சட்டம் போட்டு, விண்ணப்பத்தை நிரப்பிப் போட்டிக்கு அனுப்பியது அவன்தான்.

"எத்தனை படம் அனுப்பினே?" என்று கடைக்குப் போய்க் கேட்டார்.

"நாலு மாமா. நாலு அனுப்பலாம்னு போட்டிருந்துச்சு. நீங்க மூணுதான் எடுத்து வச்சிருந்தீங்க. பக்கத்து மேஜையில ஒண்ணு காஞ்சிட்டு இருந்துச்சு. ஒரு இடத்த எதுக்கு வீணாக்கணும்னு அதையும் சேத்துட்டேன்."

"அது என்னுதுன்னு உனக்கு யாரு சொன்னா?"

"பின்னாடி உங்க கையெழுத்து இருந்துச்சே. தலைப்பு கூட நீங்களே எழுதி வச்சிருந்தீங்க." அவன் முகமெல்லாம் பல்லாக நின்றான். "அதுக்குத்தானே மாமா பரிசு? இருபத்தஞ்சு வருஷம் நீங்க தேர்ந்தெடுத்து அனுப்பி என்ன கிழிச்சீங்க? ஒரு தடவ நான் அனுப்பினேன், முடிஞ்சுது கதை."

அவனை அடிப்பதா கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் திரும்பி வந்தார்.

அன்று மதியம் செயலாளர் அவருடைய போனுக்குப் படத்தின் புகைப்படத்தை அனுப்பி வைத்தார். வெள்ளை. வெள்ளை மேல் வெள்ளை. அடிப்பக்கம் பனிக்குள் ஒரு பள்ளம், அதைச் சுற்றி மடிப்பு மடிப்பாக எழும்பும் மலை, மேலே வலது ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு நீலம். இதை முன்னே பின்னே பார்த்த ஞாபகமே இல்லை. யார் வரைந்தது என்று யோசித்தபோது படம் நினைவுக்கு வரவில்லை, வெள்ளை டியூப்தான் வந்தது. இரண்டு மாதம் முன்பு ஒரு புதன்கிழமை, "யாரு வெள்ளைய மொத்தமா காலி பண்ணது? மத்தவங்களுக்கு வேணாமா?" என்று அவர் சத்தம் போட்டார். சலவைக்கூடத்து அம்மா எழுந்து நின்று, "நான்தான் சார். தெரியாம எடுத்துட்டேன்," என்றாள். எல்லோரும் அவளை இஸ்திரியம்மா என்பார்கள். அதற்கு முன்னால் ஐந்தாறு புதன்கிழமை வராமல் இருந்துவிட்டு அன்றைக்குத்தான் வந்திருந்தாள். ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. வருகைப் பதிவில் கோடு போட்டிருந்தார், அவ்வளவுதான்.

சொல்லிவிட வேண்டியதுதான் என்று அப்போதே முடிவு செய்தார். நல்ல மனிதர்தான், அதில் சந்தேகம் வேண்டாம். செவ்வாய்க்கிழமை காலை முதல் வேலையாகச் செயலாளரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது என்று படுத்தார். ஆனால் செவ்வாய்க்கிழமை காலை முதல் வேலையாகப் பத்திரிகைக்காரர் வந்து நின்றார்.

மனைவி நல்ல நாற்காலியை எடுத்துப் போட்டு வைத்திருந்தாள். தானே தேய்த்த சட்டையை அவருக்குக் கொடுத்தாள். சுவரில் ஓர் ஆணி புதிதாக முளைத்திருந்தது. "சர்டிபிகேட் வந்தா மாட்டத்தான்," என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். "இந்தத் தடவ அந்த வார்த்தை அதுல இருக்காது இல்ல?"

பத்திரிகைக்காரர் போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். "மேல ஒரு நீலம் இருக்கே சார், அது என்ன?"

இப்போது சொல்லலாம். கதவருகே மனைவி நின்றுகொண்டிருந்தாள். ஆபரேஷன் முடிந்து இளைத்த உடம்பு, வாய் கொள்ளாத சிரிப்பு.

"பறவை," என்றார். "எல்லாம் பனியில மூடிப் போச்சு. அது மட்டும் பறக்குது. நம்பிக்கைன்னு வச்சுக்குங்களேன்."

சொன்ன வாய் அவருடையதுதான். ஆனால் எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு? பத்திரிகைக்காரர் விழுந்து விழுந்து எழுதிக்கொண்டார். அச்சில் ஏறியபோது அதுவே தலைப்பாகியிருந்தது, கீழே படத்துக்குப் பதில் அவர் முகம் இருந்தது.

புதன்கிழமை வகுப்புக்குப் போகக் கால் வரவில்லை. போனால் கைதட்டல், ஒரு பொன்னாடை, பஸ் டிரைவரின் பேச்சு. "நம்ம ஆறுதல் சாரு இனிமே ஆறுதல் இல்ல, முதல்," என்று அவர் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். இஸ்திரியம்மாவும் சிரித்தாள். கூட்டம் கலைந்த பிறகு பக்கத்தில் வந்தாள்.

"சார், நான் அன்னிக்கு வரைஞ்சது முழுசா காயலன்னு நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போனீங்களே. காஞ்சிருச்சா? வீட்ல மாட்டலாம்னு இருக்கேன்."

இதைவிட நல்ல தருணம் கிடைக்குமா?

"சட்டம் போடக் கொடுத்திருக்கேன்மா," என்றார்.

"என் படத்துக்கா?" அவள் கண் விரிந்தது. "உங்களுக்கு எதுக்கு சார் இவ்வளவு சிரமம்? நானே அட்டையில ஒட்டி வச்சுக்குவேனே." போகும்போது இரண்டு தடவை கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடு ஒவ்வொன்றும் அவருக்குச் செருப்படி.

அவமானத்தில் மனிதனுக்கு என்னென்ன யோசனையெல்லாம் வரும் பாருங்கள். அந்தப் படத்தைப் போலவே இன்னொன்று வரைந்து அவளிடம் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. போன் படத்தை எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு வாரம், பகல் முழுக்க. வெள்ளை மேல் வெள்ளை வைத்தால் இவருக்குச் சுண்ணாம்பு அடித்த சுவர்தான் வந்தது. அவளுடைய வெள்ளையில் ஏழெட்டு வெள்ளை இருந்தது. சாம்பல் கலந்தது ஒன்று, பழுப்பேறியது ஒன்று, பலதடவை வெளுத்து வெளுத்து நூல் தெரியும் வெள்ளை ஒன்று. அந்தப் பள்ளத்தில் ஒரு கனம் இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல. நாற்பது வருடம் தூரிகை பிடித்தவருக்கு அந்தக் கனம் கைக்கு வரவேயில்லை. அவர் கடைசி அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டுக் குலுங்கி அழுதார். மனைவி எட்டிப் பார்த்து, சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்துக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

கடைசியில் செயலாளரைக் கூப்பிட்டார். "அந்தப் படத்தப் பத்தி ஒண்ணு சொல்லணும்..."

"எல்லாம் பிரமாதமா போயிட்டிருக்கு சார். உங்க பறவைய மட்டும் வெட்டி எடுத்து அழைப்பிதழ் அட்டையிலயே போட்டிருக்கோம். ரெண்டாயிரம் பிரதி. நீங்க சொல்லுங்க."

"ஒண்ணுமில்லீங்க," என்றார்.

ஒரே ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. அவள் வரமாட்டாள். சலவைக்கூடத்தில் பதினெட்டாம் தேதி அவளுக்குப் பகல் வேலை. படத்தைப் பிறகு எப்படியாவது வாங்கிக் கையில் கொடுத்துவிடலாம். இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பத்து நாள் தள்ளினார்.

பதினெட்டாம் தேதி காலை பதினோரு மணிக்கு, கண்காட்சி மண்டபத்தின் வாசலில், பதினாலு பேரும் வந்து நின்றார்கள். பதினாலாவது ஆள் இஸ்திரியம்மா. அரை நாள் விடுப்புப் போட்டிருந்தாளாம். "சாரு படத்தப் பாக்காம இருப்பேனா?"

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அங்க கூட்டமா இருக்கு, அப்புறம் பாக்கலாம், முதல்ல இந்தப் பக்கம் போங்க," என்று மூன்று பாலங்கள் இருந்த பக்கம் அவளைத் திருப்பிவிடப் பார்த்தார். ஆனால் கூட்டமே அந்தப் படத்தின் முன்னால்தான் நின்றது. மச்சான் வேறு, அழைத்துப் போக நான் இருக்கிறேன் என்று முந்திக்கொண்டான். செயலாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு பனிமலையைப் பற்றியும் பறவையைப் பற்றியும் உருகிக்கொண்டிருந்தார்.

அவள் படத்தின் முன்னால் போய் நின்றாள்.

அவர் இரண்டடி தள்ளி நின்றார். இதோ கத்தப்போகிறாள், இதோ சட்டையைப் பிடிக்கப்போகிறாள். அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள். இன்னும் சாய்த்தாள். பிறகு அவரிடம் திரும்பி, யார் காதிலும் விழாத குரலில் சொன்னாள்.

"சார், தலைகீழா மாட்டியிருக்காங்க."

"என்னம்மா?"

"இது கட்டிலு சார். தலகாணி மேல வரணும்." விரலால் காட்டினாள், தொடாமல். "இந்தக் குழி என் பொண்ணு தலை இருந்த இடம். ஆறாவது வார்டுல பதினேழு நாள் இருந்தா. அந்த நீலம் நான் போட்ட தையலு. விரிப்பு கால்மாட்டுல கிழிஞ்சிருந்துச்சு, வெள்ள நூலு தீந்துபோச்சுன்னு நீலத்துல தச்சேன். அவ போனதுக்கப்புறம் நாலாம் நாளு அந்த விரிப்பு என் மேஜைக்கே வந்துச்சு சார். தையலப் பாத்து கண்டுபிடிச்சேன். துவைச்சிட்டாங்க, குழியெல்லாம் போச்சு. மிச்சம் இருந்த சுருக்கத்த நானே தேய்ச்சு எடுத்தேன். வேலையாச்சே. அதான் அப்புறமா வரைஞ்சு வச்சேன்."

கவிழ்ந்து கிடந்த படத்தின் முதுகில், எந்தப் பக்கம் தலை எந்தப் பக்கம் கால் என்று திருப்பிக்கூடப் பார்க்காமல், அவர் கிறுக்கிய ஒரு வார்த்தை. அந்த எழுத்து நிமிர்ந்திருந்த பக்கத்தை மேல்பக்கம் என்று எடுத்துக்கொண்டு மச்சான் கொக்கி அடித்திருக்கிறான்.

"அம்மா, நான்... பரிசு... இது எப்படி ஆச்சுன்னா..."

"பேரு உங்களுதாவே இருக்கட்டும் சார்," என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். "நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். நிமித்தி மட்டும் மாட்டச் சொல்லுங்க. அவளுக்குத் தலை கீழ தொங்குது. என்னால பாக்க முடியல."

மைக்கில் அவருடைய பெயரைச் சொல்லி அழைத்தார்கள். வங்கிப் புத்தகத்தில் இருக்கும் அந்தப் பெயரை. முன்வரிசையில் மனைவி எழுந்து நின்று கைதட்டினாள்.

அவர் மேடைக்குப் போகவில்லை. இரண்டு கைகளாலும் சட்டத்தைப் பிடித்துப் படத்தைச் சுவரிலிருந்து எடுத்தார். மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. படத்தைத் தலைமாற்றி, தலையணை மேலே வரும்படி, அதே ஆணியில் மாட்டப் பார்த்தார். மாட்டவில்லை. கொக்கி இப்போது கீழ்ப்பக்கம் போயிருந்தது. இன்னொரு தடவை முயன்றார். சட்டம் சுவரில் உரசிக்கொண்டு நழுவியது. அப்படியே மார்போடு சேர்த்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

செயலாளர் மைக்கோடு ஓடி வந்தார். "என்ன சார் ஆச்சு? படத்துக்கு என்ன?"

"இது என் படம் இல்லீங்க. இந்த அம்மாவுது." மூச்சு வாங்கியது. "நான் பாக்கல. பாத்தேன்னு எழுதினேன். ஆனா நான் பாக்கவே இல்ல."

செயலாளருடைய முகம் மலர்ந்தது. "கேட்டீங்களா?" என்றார் மைக்கில், தழுதழுத்த குரலில். "நான் பாக்கவே இல்லங்கறார். தன்னோட படத்தையே தன் மாணவிக்குக் கொடுக்கறார். இதுதாங்க கலைஞனோட அடக்கம்."

கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. இருபத்தாறு வருடம் அவர் ஏங்கிய கைதட்டல். "இல்லீங்க, நிஜமாத்தான் சொல்றேன், நான் வரையல," என்று அவர் கத்தினார். உதடு அசைவது மட்டும்தான் தெரிந்தது. புகைப்படக்காரர்கள் முன்னால் வந்தார்கள். பஸ் டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கை வலித்தது. கீழே இறக்கினால் எந்தப் பக்கம் எடுத்து மாட்டுவார்களோ என்ற பயத்தில் அவர் இறக்கவில்லை.

முதலில் கையை நிறுத்தியவள் மனைவி. அவருடைய முகத்தை முப்பது வருடமாகப் பார்த்தவள். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்த பூச்செண்டை எடுத்துக் காலடியில் வைத்தாள்.

இஸ்திரியம்மா யாரையும் பார்க்கவில்லை. அவர் கைகளுக்கு நடுவே நிமிர்ந்து நின்ற படத்தின் அருகே வந்து, விளிம்பு நேராக இருக்கிறதா என்று பார்த்தாள்.

"இப்ப சரியா இருக்கு சார்," என்றாள். "அப்படியே கொஞ்ச நேரம் புடிச்சுக்குங்க."